முடிவு தெரியாத படங்கள்

பதினொரு வயதில் நான் சினிமாப் படங்களுக்குப் புள்ளி போட்டுக்கொண்டிருந்தேன். யாரும் கேட்டுப் போட்டதல்ல. அப்பா தோட்டப் பாடசாலையின் ஒரே ஆசிரியர். ஐந்து வகுப்பும் ஒரே மண்டபத்தில் இருக்க, அவர் மேசையில் ஒரு புள்ளிப் பதிவேடு எப்போதும் விரிந்து கிடக்கும். பெயர், பாடம், பத்துக்கு எத்தனை, கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் புள்ளி செல்லாது என்பது அவருடைய கொள்கை. காரணம் சொல்லாமல் குறைக்கவும் கூடாது, கூட்டவும் கூடாது என்பார்.

நான் அதே மாதிரி சி.ஆர். கொப்பி என்று நாங்கள் சொல்லும் தடித்த நோட்டில் கோடு கிழித்தேன். சண்டைப் படம், அழுகைப் படம், சிரிப்புப் படம், சாமிப் படம், மர்மப் படம், சுபமாக முடியும் குடும்பப் படம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பக்கம். பார்த்த படத்தை அதனதன் பக்கத்தில் எழுதிப் பத்துக்குப் புள்ளி போட்டு, குறிப்பும் எழுதுவேன். ‘கதாநாயகனுக்குக் குண்டு பட்டும் பாட்டுப் பாடியதால் ஒரு புள்ளி குறைவு.’ ‘குதிரை நன்றாக நடித்தது.’ பாட்டுப் புத்தகங்களையும் நூலால் கட்டி அதே வரிசையில் அடுக்கியிருந்தேன். அந்தக் கொப்பி இன்னமும் என்னிடம் இருக்கிறது. அதில் கடைசியாக ஏறிய படத்தைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். யாரிடமும் நான் சொல்லாத ஒன்றை அறுபது தாண்டிய பிறகாவது சொல்லிவிட வேண்டும்.

எங்கள் தோட்டம் இலங்கையில், மாத்தளைக்குப் பக்கத்து அலுவிகாரைக்கு மேலே மலைப் பக்கம் இருந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி அது. அந்த வருடங்களில் தோட்டத்து மனிதர்களையும் யாரோ இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஒரு வகை பிரஜாவுரிமை கிடைத்தவர்கள். மற்றது இந்தியாவுக்குப் போக வேண்டிய பாஸ்போட்டுக்காரர்கள். அம்மாவின் தங்கையான சித்தி முதல் வகை. அவள் கட்டிக்கொண்ட சித்தப்பா இரண்டாம் வகை. அவர் மேஜராகுமுன்பே அவருடைய தகப்பனார் எழுதிப் போட்ட விண்ணப்பத்தில் அவருடைய பெயரும் சேர்ந்து போயிருந்தது. கல்யாணம் அதற்குப் பிறகு நடந்தது. கல்யாணமாகி இரண்டாம் வருடம் வீசா முடிந்துவிட்டது, கப்பலேற வேண்டும் என்று அவருக்கு மட்டும் கடிதம் வந்தது. கடிதத்தில் குறித்த தேதிக்குப் பிறகு ஆளைக் கண்டால் பொலிஸ் பிடிக்கும். பிடித்தால் நேரே தலைமன்னார்க் கப்பல்துறைதான்.

அப்பா ஒரு பெட்டிசம் எழுதினார். புருஷனை ஒரு கரையிலும் பெண்சாதியை ஒரு கரையிலும் வைக்க வேண்டாம் என்று ஆங்கிலத்தில் மூன்று பக்கம். தை மாதத்தில் விசாரணை என்று பதில் வந்தது. விசாரணை நாளில் சித்தப்பா நேரில் போய் நின்றால் ஒரு வழி பிறக்கலாம், அதற்குள் பிடிபட்டால் ஃபைலை மூடிவிடுவார்கள் என்று கண்டியில் ஒரு வக்கீல் சொன்னார். ஆகவே நான்கு மாதம் சித்தப்பா எங்கேயும் இருக்கக் கூடாது. தோட்டத்தில் அவர் கப்பலேறிவிட்டார் என்று சொன்னோம். அவரோ நாலந்தாப் பக்கம் ஒரு முஸ்லிம் முதலாளியின் மிளகுத் தோட்டத்தில் காவலுக்கு இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தி மாத்தளை டவுனுக்குக் காலைப் பூசைக்குப் போவாள். பூசை முடிந்து, சாமான் வாங்கி, பிறகு மெட்னிக் காட்சி. கூடவே நான். தோட்டத்துக்குச் சொன்ன காரணம் நானேதான். “இந்தப் பயலுக்குப் படப் பைத்தியம். கூட்டிட்டுப் போகலேன்னா வீட்ட ரெண்டாக்கிடுவான்” என்று சித்தி பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கச் சொல்வாள். நானும் அதை நம்பினேன். எனக்காகத்தான் படம், சித்தப்பா வந்து போவது இடையில் நடக்கும் ஒரு காரியம் என்று நினைத்தேன்.

இடைவேளை முடிந்து விளக்கு அணைந்த பிறகுதான் அவர் வருவார். பக்கக் கதவின் திரை ஒரு முழம் விலகி மூடும். எனக்கு அடுத்த நாற்காலி கிறீச்சிடும். மிளகு வாசனை வரும். நான் திரும்பிப் பார்க்கக் கூடாது, வீட்டுக்கு வெளியே மூச்சும் விடக் கூடாது என்பது ஏற்பாடு. நடுவில் நான், இரண்டு பக்கமும் அவர்கள். சிறிது நேரத்தில் சித்தி என்னைத் தள்ளி ஓர நாற்காலிக்கு அனுப்பிவிடுவாள். போகுமுன் முதல் பாதிக் கதையை நான் அவர் காதில் சொல்லியாக வேண்டும்.

“சின்ன மாஸ்டர், இது யாரு? நல்லவனா கெட்டவனா?”

“கெட்டவன். ஆனா அவனுக்கே இன்னும் தெரியாது.”

“அப்ப நம்மள மாதிரிதான்” என்று சிரிப்பார். சித்தி “ச்சூ” என்பாள்.

ஒரு ஞாயிறு பாட்டுக் காட்சியில் படச்சுருள் அறுந்து மண்டபம் முழுவதும் விளக்குப் போட்டுவிட்டார்கள். மலிவு டிக்கெட் கலரியில் விசிலடித்தார்கள். எங்கள் தோட்டத்துப் பெண்கள் நான்கு பேர் இரண்டு வரிசை முன்னால் இருந்தார்கள். சித்தப்பா செருப்பைத் தேடுவதுபோல நாற்காலிக்கு அடியில் குனிந்தார். விளக்கு அணையும்வரை தேடிக்கொண்டே இருந்தார். சித்தியின் கை என் தொடையைப் பிடித்திருந்தது. பஸ்ஸில் வரும்போதுதான் பார்த்தேன், அவளுடைய நகம் நான்கும் பதிந்திருந்தன. அன்றைக்கு அந்தப் படத்துக்கு ஒரு புள்ளி குறைத்து, ‘படம் அறுந்தது’ என்று குறிப்பு எழுதினேன்.

என் துக்கம் வேறு. படம் முடியக் கால் மணி நேரம் இருக்கும்போது சித்தி என் தோளைத் தொடுவாள். மூன்று பேரும் பக்கக் கதவால் வெளியேறிவிடுவோம். மண்டபத்துக்கும் பின்னாலிருந்த கொக்கோ ஸ்டோரின் மதிலுக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. அந்த நேரத்தில் அங்கே ஆள் நடமாட்டம் இருக்காது. சித்தி சோற்றுப் பொட்டலத்தையும் துவைத்த சட்டையையும் கொடுப்பாள். அவர் அழுக்குச் சட்டையைக் கடதாசியில் சுற்றிக் கொடுப்பார். பிறகு இருவரும் சும்மா நிற்பார்கள். அவர் அவளை “வெளிச்சத்துப் பக்கம் திரும்பு” என்பார். அவள் திரும்புவாள். என்னத்தைப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்காது. சுவருக்கு அந்தப் பக்கம் படத்தின் உச்சக் கட்டம் நடந்துகொண்டிருக்கும். வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து முழங்குவதும், யாரோ யாரையோ “அம்மா” என்று கூப்பிடுவதும், சனங்கள் கைதட்டுவதும் கேட்கும். நான் மதிலில் காலால் உதைத்துக்கொண்டு நிற்பேன். கடைசியில் சித்தப்பா என் பக்கம் திரும்பி, “எத்தினி புள்ளி, சின்ன மாஸ்டர்?” என்பார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு எண்ணைச் சொல்வேன். சனம் வெளியே வருமுன் அவர் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம்.

முடிவு தெரியாத படத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவது? தாய் கடைசியில் பிழைத்தாளா செத்தாளா என்று தெரியாமல் அதை அழுகையில் சேர்ப்பதா சுபத்தில் சேர்ப்பதா? பாட்டுப் புத்தகத்தின் கதைச் சுருக்கமும் உதவவில்லை. எல்லாப் புத்தகமும் மிகுதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லித்தான் முடிந்தன. கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ‘முடிவு தெரியாதவை’ என்று பென்சிலால் தலைப்பிட்டு அங்கே எழுதி வந்தேன். மார்கழி பிறந்தபோது அந்தப் பக்கத்தில் ஒன்பது படங்கள் இருந்தன.

வகுப்பில் கங்காணியின் மகன் ஒருவன் கலரியில் உட்கார்ந்து அதே படங்களைக் கடைசிவரை பார்ப்பவன். அவனிடம் முடிவு கேட்டால் ஒரே படத்துக்கு இரண்டு முடிவு சொல்வான்.

“நீ படம் பாக்கப் போறியா, பாதிப் படம் பாக்கப் போறியா?” என்று ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டான். “ஒங்க சித்தி ஏன் எப்பவும் பாதியில எந்திரிக்கிறாங்க? வயித்து வலியா?”

எல்லோரும் சிரித்தார்கள். அதை வீட்டில் சொன்னேன். அப்பாவின் முகம் மாறியது. இனி டவுனுக்குப் போக வேண்டாம் என்றார். சித்தி, “இன்னும் மூணு ஞாயித்துக்கெழம தானே அத்தான்” என்றாள். கெஞ்சிய மாதிரி இல்லை. அப்பா அரை மனதோடு விட்டுவிட்டார். கடைசிவரை இருந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று நினைத்துத்தான் அடுத்த ஞாயிறு அப்படிச் செய்தேன் என்று பின்னாளில் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது உண்மையல்ல. எனக்கு ஒரு முடிவு வேண்டியிருந்தது.

அந்த ஞாயிற்றுப் படத்தில் ஆற்று வெள்ளத்தில் பிரிந்த அண்ணனும் தங்கையும். தங்கை நீதிபதி வீட்டில் வளர்கிறாள். அண்ணன் செய்யாத கொலைக்காக அதே நீதிபதியின் முன் கூண்டில் நிற்கிறான். தங்கைக்கு அவன் யாரென்று தெரியாது. நமக்குத் தெரியும். நீதிபதி தீர்ப்பு எழுதப் பேனாவின் மூடியைத் திறக்கிறார். அந்த இடத்தில் சித்தி என் தோளைத் தொட்டாள்.

நான் எழுந்திருக்கவில்லை.

“எந்திரிடா.”

நாற்காலியின் இரும்புக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“டேய். நேரமாச்சுடா. பாவி, எந்திரி.”

அவள் என் கையைப் பிரிக்கப் பார்த்தாள். நான் விடவில்லை. சித்தப்பா ஏற்கெனவே எழுந்து கதவுத் திரைக்கு அருகே போயிருந்தார். பின் வரிசையில் யாரோ, “உக்காருங்கம்மா, மறைக்குதில்ல” என்றார்கள். ஒன்றிரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். டோர்ச் வைத்திருந்த ஆள் வாசற் பக்கத்திலிருந்து வெளிச்சத்தை எங்கள் பக்கம் அடித்தான். சித்தப்பா அந்த வெளிச்சம் தன்மேல் படுமுன் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“விடு” என்றார் சித்தியிடம். “ஒரு நாளைக்குப் புள்ள முடிவப் பாத்துட்டுப் போகட்டும்.”

“வெளக்குப் போட்ருவாங்க.”

“சனத்தோட சனமா போயிருவோம். உக்காரு.”

அவர் தனியாகப் போயிருக்கலாம். நான் அதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். கதவு நான்கு எட்டு வைக்கும் தூரத்தில் இருந்தது. ஆனால் அவர் சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்தார். சித்தியும் உட்கார்ந்தாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துத் திரையைப் பார்த்தேன்.

விளக்குகள் வந்தன. மூவரும் தலை குனிந்து கூட்டத்தோடு முன்வாசலுக்கு நகர்ந்தோம். வாசலில் கூட்டம் ஒதுக்க ஒரு கான்ஸ்டபிள் எப்போதும் நிற்பார். அன்றைக்கு அவரோடு எங்கள் தோட்டத்துக் கண்டக்கையா பேசிக்கொண்டு நின்றார். மலையில் வேலையை மேற்பார்வை பார்க்கும் கண்டக்டரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். பல்கனியில் படம் பார்த்துவிட்டு இறங்கி வந்திருந்தார். கெட்டவர் அல்ல. எதையும் வேடிக்கையாகப் பேசாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

“என்னா மாப்புள” என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. “கப்பலேறிட்டதா சொன்னாங்க. நீங்க இங்க மெட்னி பாத்துக்கிட்டு நிக்கிறீங்க. ஏன், இந்தப் படம் இந்தியாவுல ஓடலியா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கான்ஸ்டபிளுக்கும் தமிழ் தெரியும். அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு சித்தப்பாவை மேலும் கீழும் பார்த்தார்.

“ஐடென்டிட்டி எக்க பென்னன்ன” என்றார் சிங்களத்தில். அடையாள அட்டையைக் காட்டு.

சித்தப்பா சட்டைப் பையைத் தடவினார். அதில் ஒன்றும் இல்லை என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். கண்டக்கையாவின் முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. “இல்லீங்க ராலஹாமி, நான் சும்மா வெளையாட்டுக்கு…” என்று கான்ஸ்டபிளிடம் தொடங்கி, அதற்கு மேல் என்ன சொன்னாலும் இன்னும் மோசமாகும் என்று தெரிந்து நிறுத்திக்கொண்டார்.

கான்ஸ்டபிள் சித்தப்பாவின் முழங்கையைப் பிடித்தார். முரட்டுத்தனமாக அல்ல. சோற்றுப் பொட்டலம் இன்னும் சித்தியின் கூடையில்தான் இருந்தது. கொடுக்கும் இடம் சந்துதான், அன்றைக்கு நாங்கள் சந்துக்குப் போகவில்லை. சித்தப்பா கடதாசியில் சுற்றிய அழுக்குச் சட்டையை என் கையில் வைத்தார்.

“சின்ன மாஸ்டர், எத்தினி?”

“ஒம்பது” என்றேன்.

“பரவால்லியே” என்றார்.

மாலை நான்கரை மணி வெயிலில் அவரை மணிக்கூட்டுக் கோபுரத்துப் பக்கமாகப் பொலிஸ் நிலையத்துக்கு நடத்திக்கொண்டு போனார்கள். சித்தி பத்தடி பின்னால் போனாள். நான் அவளுக்குப் பின்னால் சட்டையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

கண்டக்கையா அன்றே எங்கள் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். “வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்காம குடி கெடுத்துட்டேன் மாஸ்டர். காலுல வேணும்னாலும் விழுறேன்” என்றார். அப்பா அவரை உள்ளே கூப்பிடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. அவர் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“கால் மணி நேரம் முந்தி எந்திரிக்கிறதுதானே பேச்சு. இன்னைக்கு என்னா நடந்துச்சு?”

சித்தி அறையின் மூலையில் உட்கார்ந்து அந்த அழுக்குச் சட்டையை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். நான் அவளைப் பார்க்காமல் சொன்னேன்.

“சித்தப்பாதான் முடிவப் பாத்துட்டுப் போகட்டும்னாரு.”

சித்தியின் கை நின்றது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இப்போது சொல்வாள், இப்போது சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். அவள் மறுபடி சட்டையை மடிக்கத் தொடங்கினாள்.

அப்பா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “படம் பாக்கப் போயி வாழ்க்கைய விட்டுட்டானே” என்றார். அதுவே எங்கள் வீட்டில் தீர்ப்பாயிற்று. பிறகு தோட்டத்திலும். சித்தப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தால், நல்ல மனுஷன், ஆனா சினிமாப் பைத்தியம், மூணு வாரம் பொறுக்க முடியல என்பார்கள். கேட்டுக்கொண்டு நானும் நின்றிருக்கிறேன். ஒருமுறை தலையை ஆட்டியும் இருக்கிறேன்.

அவரைக் கொஞ்ச நாள் மறியலில் பூட்டி வைத்திருந்து கப்பலேற்றினார்கள். தை மாதம் அப்பாவும் சித்தியும் விசாரணைக்குப் போனார்கள். ஆள் நாட்டில் இல்லை, ஃபைலை மூடியாயிற்று என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். சித்தப்பாவிடமிருந்து கூடலூர்ப் பக்கத்திலிருந்து கடிதங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் கடைசி வரியில் ‘சின்ன மாஸ்டர் இந்த மாதம் எதற்கு எத்தனை போட்டார்’ என்று கேட்டிருப்பார். நான் பதில் எழுதவில்லை. அந்தக் கொப்பியில் அதன் பிறகு ஒரு படமும் ஏறவில்லை. சித்தி அவரிடம் போக விண்ணப்பித்தாள். ஒரு தாள் கண்டியில் நின்றது, ஒரு தாள் கொழும்பில் நின்றது. பிறகு கலவரம் வந்து தொழிலாளர் குடியிருந்த லயங்கள் எரிந்தன. பிறகு கப்பலே நின்றுபோயிற்று. கடிதங்கள் எப்போது நின்றன என்று எனக்குத் தெரியாது, சித்திக்குத் தெரிந்திருக்கும். அவள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஊரார் குழந்தைகளைத் தூங்க வைத்துக்கொண்டு எங்களோடு இருந்தாள்.

நான் படித்து, உத்தியோகமாகி, உக்குவளையில் வீடு கட்டிய பிறகு அவளை என்னோடு வைத்துக்கொண்டேன். ஞாயிறு பிற்பகலில் டீவியில் தமிழ்ப் படம் போடுவார்கள். சித்தி எங்களோடு உட்கார்ந்து பார்ப்பாள். முடியக் கால் மணி நேரம் இருக்கும்போது எழுந்து பின்வாசலுக்குப் போய்விடுவாள். “சின்னம்மாவுக்கு எந்தப் படமும் முடியிறதில்ல” என்று என் மனைவி சிரிப்பாள். நான் சிரிப்பதில்லை.

ஒரு ஞாயிறு நானும் எழுந்து பின்னால் போனேன். மதிலுக்குப் பக்கத்தில் வெயில் விழும் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே படத்தின் சத்தம் கேட்டது.

“அன்னைக்கு அந்த ஜட்ஜு என்னா எழுதினாரு?” என்று திடீரென்று கேட்டாள்.

எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை. “நீங்களும் இருந்தீங்களே சித்தி.”

“நான் எங்க படத்தப் பாத்தேன். படத்து வெளிச்சம் அவரு மூஞ்சில விழுந்து விழுந்து போச்சு. அதத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். சந்துல நின்னா நல்ல வெளிச்சத்துல பாத்திருப்பேன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்.”

சந்தில் நின்ற அந்தக் கால் மணி நேரத்தை நான் என் படங்களிலிருந்து களவு போன நேரமாகத்தான் அதுவரை கணக்கிட்டு வந்திருந்தேன். அவர்கள் ஒரு வாரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பகலில் பார்த்தது அவ்வளவுதான் என்பது, பக்கத்தில் நின்று மதிலை உதைத்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியவில்லை. அவர்கள் இருவரும் இருட்டில் உட்கார்ந்து அந்தப் படங்களைச் சகித்ததே அதற்காகத்தான்.

“சித்தி, அப்பாகிட்ட நான் அன்னைக்குச் சொன்னது…”

“அவரு சொன்னதத்தானே சொன்ன” என்றாள் அவள், மதிலைப் பார்த்தபடி. “பொய்யி சொல்லலியே.”

அவள் போய்ச் சேர்ந்து இப்போது ஒன்பது வருடமாகிறது.

நீதிபதி என்ன எழுதினார் என்ற கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. பேனாவின் மூடியை அவர் திறப்பது வரை ஒவ்வொரு காட்சியும் இன்றும் கண்ணில் நிற்கிறது. அதற்கு அப்பால் எவ்வளவு யோசித்தாலும் மண்டப விளக்குகள்தான் வருகின்றன. கொப்பியை எடுத்துப் பார்த்தேன். அன்றைய படத்தைக் கடைசிப் பக்கத்தில் சேர்க்காமல் சுபமாக முடியும் குடும்பப் படங்களின் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பத்துக்கு ஒன்பது. குறிப்பு என்ற கட்டத்தில் ஒன்றும் இல்லை. அப்பாவின் கணக்கில் அந்தப் புள்ளி செல்லாது. அந்தக் கட்டத்தை நிரப்பத்தான் இவ்வளவும் எழுதினேன். கட்டம் இரண்டு விரல் அகலம்தான்.